துடிப்பு தவறவில்லை, முந்திக்கொண்டது

முழு உடல் பரிசோதனைக்குப் போனவரின் இசிஜி தாளில் ‘விபிசி’ என்ற மூன்றெழுத்து அச்சாகி வந்தால் போதும், வீடே கலங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர், இப்படித்தான் ஒருவருக்கு வந்து கடைசியில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பார். உறவினர் ஒருவர், அதெல்லாம் வெறும் கேஸ் என்பார். இன்னொருவர் அன்றே காபியை நிறுத்தச் சொல்வார். மூவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மூவர் சொல்வதிலும் பிழை இருக்கிறது.

விபிசி என்பது இதயத்தின் கீழறையிலிருந்து, தன் முறை வருவதற்கு முன்பே கிளம்பிவிடும் துடிப்பு. மருத்துவமனைப் பேச்சில் ‘எக்டோபிக்’. அதைப் பற்றிய நம்பிக்கைகளில் சில, ஒன்றுமில்லாததற்கு அஞ்சவைக்கின்றன. சில, அஞ்ச வேண்டிய இடத்தில் தட்டிக்கொடுத்து வீட்டிலேயே உட்காரவைக்கின்றன. இரண்டாவது வகைதான் உயிருக்கு உலை வைப்பது.

“நெஞ்சுக்குள்ளே ஒரு துடிப்பு விட்டுப்போகுது”

அனுபவம் உண்மை, விளக்கம்தான் தலைகீழ். துடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒன்று அவசரப்பட்டு முன்னதாக வந்திருக்கிறது. கீழறை முழுதாக நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால் அந்தத் துடிப்பில் வெளியேறும் இரத்தம் குறைவு. மணிக்கட்டு நாடியில் அது தட்டுப்படாமலே போகலாம். அதன்பின் சற்று நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிக்கொள்ள, அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. ‘தொம்’ என்று நெஞ்சில் இடித்துத் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் இந்தச் சரியான துடிப்புதான்.

இதிலிருந்து இன்னொரு குழப்பமும் பிறக்கிறது. சரியான துடிப்பு ஒன்று, எக்டோபிக் ஒன்று என்று மாறி மாறி வருவதை பைஜெமினி என்பார்கள். அப்போது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் பிரஷர் பார்க்கும் கருவியும் பாதித் துடிப்பை மட்டுமே எண்ணக்கூடும். இதயம் நிமிடத்துக்கு 80 முறை துடித்துக்கொண்டிருக்க, திரை 40 என்று காட்டும். பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்குமோ என்று பதறிக்கொண்டு வருபவருக்கு ஓர் இசிஜி எடுத்தால் நிலைமை தெளிவாகிவிடும்.

“அகலமாக இருந்தால் அது கீழறைத் துடிப்புதான்”

இது நோயாளிகளின் நம்பிக்கை அல்ல; இசிஜி படிக்கக் கற்றுக்கொள்பவர்கள் பலரிடம் உள்ளது. பாதி உண்மை என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இசிஜி தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஐந்து சிறு கட்டம் கொண்ட பெரிய கட்டம் 0.2 வினாடி. முதலில் வரும் சிறு மேடான பி அலை மேலறைகளின் மின்செயல். அடுத்து எழும் கூரான கியூஆர்எஸ் கீழறைகளுடையது. கடைசியில் வரும் டி அலை, கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டுவது. இந்த எழுத்துகளைச் சூட்டியவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன். இசிஜியைக் கண்டறிந்ததற்காக 1924-இல் நோபல் பரிசு பெற்றவர்.

இயல்பான துடிப்பில் மேலிருந்து இறங்கும் மின்செய்தி, கீழறைகளுக்கென்றே அமைந்த விரைவு இழைகள் வழியாக இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. அதனால் கியூஆர்எஸ் மூன்று சிறு கட்டத்துக்குள், அதாவது 0.12 வினாடிக்குள் முடிந்துவிடும். எக்டோபிக் தொடங்குவது கீழறையின் ஏதோ ஒரு மூலையில். நெடுஞ்சாலையில் பறக்க வேண்டிய செய்தி வயல் வரப்பு வழியாக நடந்து போவதைப்போல, அது தசையணு தசையணுவாகத் தாண்டித்தான் மறுபக்கம் போக வேண்டும். நேரம் பிடிக்கிறது, கியூஆர்எஸ் அகன்று, வடிவம் கோணலாகிறது. அதைத் தொடரும் டி அலை பெரும்பாலும் எதிர்த் திசையில் புரண்டு நிற்கிறது. முன்னால் அதற்கு உரிய பி அலை இல்லை. இதற்கிடையில், மேலறையில் இருக்கும் இயற்கையான தாளக்காரருக்கு, அதாவது சைனஸ் கணுவுக்கு, கீழே நடந்த கலகம் தெரியாது. அது தன் நேரப்படியே இயங்குவதால், எக்டோபிக்குக்கு முந்தைய சரியான துடிப்புக்கும் பிந்தைய சரியான துடிப்புக்கும் உள்ள இடைவெளி வழக்கமான இடைவெளியைப்போல் இரு மடங்காக அமைகிறது. கவராயத்தை வைத்து அளந்து பார்த்தால் பெரும்பாலான தாள்களில் இது பிசகாமல் நிற்கும்.

அகலம் மட்டும் ஏன் போதாது? மேலறையிலிருந்து கிளம்பும் முன்துடிப்புகளும் உண்டு. அவற்றில் ஒன்று மிகச் சீக்கிரம் வந்துவிட்டால், கீழறைக்குப் போகும் இரு கிளைகளில் வலது கிளை அதற்குள் மீண்டிருக்காது. அப்போதும் கியூஆர்எஸ் அகன்றே பதிவாகும். அதன் பி அலை முந்தைய டி அலைக்குள் ஒளிந்துகிடக்கும். அந்த டி அலை மட்டும் மற்றவற்றைவிடச் சற்றே கூர்மையாகவோ உப்பியோ இருக்கிறதா என்று பார்ப்பவருக்குத்தான் அது தென்படும். கிளை அடைப்பு உள்ளவருக்கும் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் துடிப்புகள் எப்போதுமே அகலம்தான். ஆகவே கருவி தானாக அச்சிடும் குறிப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணால் படிக்கும் ஒருவர் வேண்டும்.

ஒரே ஒரு சூழலில் மட்டும் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு அகன்ற துடிப்புகள் தொடர்ச்சியாக, வேகமாக ஓடினால், வேறு என்று நிரூபணமாகும்வரை அது கீழறை மிகைத்துடிப்பு என்றே கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும்.

எக்டோபிக்கின் வடிவம் அதன் பிறப்பிடத்தையும் சொல்லிவிடும். இசிஜி இதயத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து பார்க்கும் பதிவுகளே லீடுகள். வி1 லீடில் எக்டோபிக் கீழ்நோக்கி இறங்கினால் பெரும்பாலும் வலது கீழறை. மேல்நோக்கி எழுந்தால் இடது. கூடவே இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் லீடுகளில் உயரமாக நிமிர்ந்து நின்றால் கீழறையின் மேற்பகுதி, அதாவது இரத்தம் வெளியேறும் வாசல். குறையில்லாத இதயங்களில் தோன்றும் எக்டோபிக்குகளில் மிகுதியானவை அந்த வாசலிலிருந்தே வருகின்றன. ஒரே தாளில் பல வடிவங்கள் கலந்து வந்தால் பல இடங்களில் தொந்தரவு என்று பொருள்; அங்கே கவனம் கூட வேண்டும். இத்தனையும் தெரிய 12 லீடுகளும் வேண்டும். கைக்கடிகாரம் எடுக்கும் ஒற்றை லீடு பதிவு உதவிதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

“விபிசி வந்தாலே ஹார்ட் அட்டாக்குக்கு முன்னறிவிப்பு”

வழக்கமான இசிஜி பதிவு செய்வது 10 வினாடிதான். ஒரு நாளில் அப்படி 8,640 பத்து வினாடிகள் இருக்கின்றன. 10 வினாடிப் பதிவில் நலமாக உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம்தான் எக்டோபிக் சிக்கும். அதே ஆட்களுக்கு ஹோல்டர் கருவியைக் கட்டி 24 முதல் 48 மணி நேரம் பதிவு செய்தால் 40 முதல் 75 சதவீதம் பேரிடம் கிடைத்துவிடுகிறது. அதாவது, எக்டோபிக்கே வராத இதயத்தைத் தேடுவதுதான் கடினம்.

1985-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, எந்தத் தொல்லையும் இல்லாத, இதயத்தில் குறை இல்லாத 73 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்கு மணிக்கு நூற்றுக்கணக்கில் எக்டோபிக்குகள். அவற்றில் இரட்டையாக, தொடராக வந்தவையும் உண்டு. சராசரி ஆறரை ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய ஆயுள் வாய்ப்பு மற்ற நலமான மனிதர்களுடையதைப் போலவே இருந்தது. இதயத்தின் கட்டமைப்பு சரியாக இருக்கும்போது, துடிப்புகளின் எண்ணிக்கை மட்டும் ஆபத்தைச் சொல்லிவிடுவதில்லை.

“எக்டோபிக்கை மருந்தால் அழித்துவிட்டால் உயிர் தப்பும்”

இந்த நம்பிக்கைதான் மருத்துவ வரலாற்றிலேயே மிகுந்த விலை கொடுத்துத் திருத்தப்பட்ட ஒன்று. இதை நம்பியவர்கள் அண்டை வீட்டார் அல்லர். உலகின் சிறந்த இதய நிபுணர்கள்.

1960-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் திறக்கப்பட்டன. முதன்முறையாக நோயாளியின் இதயத் துடிப்பு இரவும் பகலும் திரையில் ஓடியது. உயிரைப் பறிக்கும் கீழறை நடுக்கம் வருவதற்கு முன் எக்டோபிக்குகள் தென்படுவதை மருத்துவர்கள் கண்டார்கள். முந்தைய துடிப்பின் டி அலை மேலேயே வந்து விழும் எக்டோபிக் அந்த நடுக்கத்தைத் தூண்டும் என்றும் அறிந்தார்கள். 1971-இல் பெர்னார்ட் லௌனும் வுல்ஃபும் எக்டோபிக்குகளை அபாயத்தின் வரிசையில் தரம் பிரித்தார்கள். மாரடைப்புக்குப் பின் மணிக்குப் பத்துக்கு மேல் எக்டோபிக் வருபவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதும் உறுதியானது. அடுத்த படி யாருக்கும் இயல்பாகவே தோன்றக்கூடியது: எக்டோபிக்கை அடக்கு, மரணத்தைத் தடு. ஃப்ளெகனைடு, என்கனைடு போன்ற மருந்துகள் அதைக் கச்சிதமாகச் செய்தன. ஹோல்டர் பதிவில் எக்டோபிக்குகள் துடைத்ததுபோல் மறைந்தன. மருத்துவருக்கும் நிம்மதி, நோயாளிக்கும் நிம்மதி.

ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள் உண்மையிலேயே அதிக நாள் வாழ்ந்தார்களா? அதை அறிய அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1987-இல் ‘காஸ்ட்’ எனப்படும் ஆய்வைத் தொடங்கியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு முதலில் மருந்தைக் கொடுத்து, யாருக்கு எக்டோபிக் அடங்குகிறதோ அவர்களை மட்டுமே ஆய்வுக்கு எடுத்தார்கள். மருந்து ‘வேலை செய்கிறது’ என்று தாளில் நிரூபணமானவர்கள் அவர்கள். பிறகு குலுக்கல் முறையில் 755 பேருக்கு ஃப்ளெகனைடு அல்லது என்கனைடு, 743 பேருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. 1989 ஏப்ரலில் ஆய்வை அவசரமாக நிறுத்த நேர்ந்தது. சராசரி பத்து மாதங்களில் போலி மாத்திரைக் குழுவில் இறந்தவர்கள் 26 பேர். மருந்துக் குழுவில் 63 பேர்.

எக்டோபிக் மறைந்தது, ஆள் இறந்தார். இந்த மருந்துகள் இதயத் தசையில் மின்னோட்டத்தின் வேகத்தைக் குறைப்பவை. நல்ல தசையில் அதனால் பெரிய கேடில்லை. மாரடைப்பால் தழும்பேறிய தசையிலோ, மெதுவான மின்னோட்டம் தழும்பைச் சுற்றிச் சுழன்று, தானே ஒரு புதிய மிகைத்துடிப்பைக் கிளப்பிவிடும். என்கனைடு பின்னர் சந்தையிலிருந்தே போனது. ஃப்ளெகனைடு இன்றும் இருக்கிறது, ஆனால் மாரடைப்பு வந்த இதயத்துக்கு அது விலக்கப்பட்ட மருந்து. சிகிச்சைப் பிரிவுகளில் முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் லிக்னோகைன் சொட்டு ஏற்றும் பழக்கமும் காலப்போக்கில் கைவிடப்பட்டது.

மறுபக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பின் ப்ரொப்ரனலால் கொடுத்துப் பார்த்த 3,837 பேர் கொண்ட ஆய்வில் இறப்பு 9.8 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாகக் குறைந்தது. எக்டோபிக்கை அழிப்பதில் இந்த பீட்டா தடுப்பு மருந்து காஸ்ட் மருந்துகளுக்கு நிகரில்லை. ஆனாலும் உயிரைக் காத்தது இதுதான். எக்டோபிக் மாத்திரை கேட்டு மருத்துவரை நெருக்குபவர்கள் இந்த இரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

“எல்லாம் காபியால் வருவது”

சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு நேர்த்தியான ஒரு சோதனை வைத்தார்கள். நலமான 100 பேருக்கு இதயப் பதிவுக் கருவியை ஒட்டி, இரண்டு வாரம், எந்த நாளில் காபி குடிக்கலாம், எந்த நாளில் கூடாது என்று குலுக்கல் முறையில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 2023-இல் வெளியான முடிவு: மேலறை எக்டோபிக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கீழறை எக்டோபிக் காபி நாட்களில் 154, காபி இல்லாத நாட்களில் 102. கூடுகிறது என்பது உண்மை. அதே மூச்சில், ஒரு லட்சம் துடிப்புள்ள ஒரு நாளில் ஐம்பது கூடுவதற்காக எல்லோரும் டிகிரி காபியைத் துறக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. அடிக்கடி வந்து தொல்லைப்படுபவர் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்துத் தன் உடம்பு என்ன சொல்கிறது என்று அறியலாம். தூக்கக் குறைவையும் மதுவையும் புகையையும் அப்படியே விட்டுவிட்டுக் காபியை மட்டும் பழிப்பதில் பயனில்லை.

“படபடப்பெல்லாம் வாயுத் தொல்லை”

தமிழர் வீடுகளில் இதைவிட ஆபத்தான ஆறுதல் மொழி இல்லை. மாரடைப்பின் வலியையே சோடா குடித்துத் தணிக்கப் பார்க்கும் பழக்கத்தின் தம்பி இது. வயிறு நிறையச் சாப்பிட்டபின் சிலருக்குப் படபடப்பு தெரியலாம். ஆனால் எக்டோபிக்குக்குத் தேட வேண்டிய காரணங்கள் வேறு பல.

முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் அது கிடுகிடுவென இறங்கிவிடும். தசையணுக்களின் மின்சமநிலை குலைந்து எக்டோபிக்குகள் வரிசையாகக் கிளம்பும். அந்த நிலையில் டிஜாக்ஸின் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் குறைந்த பொட்டாசியம் டிஜாக்ஸினின் நச்சுத்தன்மையை ஏற்றிவிடும். இதைக் கேட்டுவிட்டு இளநீரையும் வாழைப்பழத்தையும் தாமாகவே மருந்தாக்கிக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறுவதும் இதயத்தை நிறுத்தக்கூடியது. இரத்தப் பரிசோதனைதான் வழி.

தைராய்டு மிகை, இரத்தசோகை, காய்ச்சல், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை அளவுக்கு மீறி உறிஞ்சுவது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஆகியவையும் தூண்டும். இதயத்துக்குள்ளேயே காரணம் இருக்கலாம்: இரத்தக்குழாய் அடைப்பு, பழைய மாரடைப்பின் தழும்பு, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தசையில் அழற்சி, பரம்பரையாக வரும் தசை நோய்கள். நம் நாட்டுக்கு இன்னொன்றும் உண்டு. விளக்கம் கிடைக்காத கீழறை மிகைத்துடிப்போடு வந்த சிலருக்கு நெஞ்சுக்கூட்டின் நடுவே நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருந்ததையும், அங்கே சார்காய்டோசிஸோ காசநோயோ இருந்ததையும் ஹைதராபாத் மருத்துவர்கள் 2011-இல் எழுதினார்கள். காசநோய் பரவலாக உள்ள தேசத்தில் அந்த எண்ணம் மருத்துவர் மனத்தில் இருக்க வேண்டும்.

“ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனிப் பார்க்க வேண்டாம்”

பெரும்பாலோருக்கு இது சரி. நாள் முழுதும் ஆயிரக்கணக்கில் வருபவர்களுக்குச் சரியல்ல. துடிப்புகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் எக்டோபிக்காக இருந்து, அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தால், நலமாக இருந்த இதயமே மெல்ல வலுவிழந்து விரியக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 24 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் இந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. இதில் நல்ல செய்தி, இது திரும்பக்கூடிய சேதம். தொடையின் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி எக்டோபிக் கிளம்பும் புள்ளியைச் சுட்டுவிடும் அப்லேஷன் செய்தபின், பலருடைய இதயம் மாதங்களில் பழைய வலிமைக்கு வந்திருக்கிறது. ஆகவே எக்டோபிக் அதிகம் உள்ளவர் எக்கோவை இடைவெளி விட்டுத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அவசியம்.

உடற்பயிற்சியின்போது மறைந்துவிட்டால் பயமில்லை என்பதும் பாதி உண்மை. கிளீவ்லாந்து கிளினிக்கில் டிரெட்மில் பரிசோதனை செய்த 29,244 பேரைக் கொண்ட ஆய்வு, ஓடி முடித்து ஓய்வெடுக்கும் நிமிடங்களில் அடிக்கடி வரும் எக்டோபிக், ஓடும்போது வருவதைவிட மோசமான அறிகுறி என்று 2003-இல் காட்டியது. டிஎம்டி செய்யும்போது ஓட்டம் நின்றதும் வயர்களைக் கழற்றிவிடாமல் சில நிமிடம் பதிவைத் தொடர்வது இதற்காகவும்தான்.

எக்டோபிக் என்று அறிந்த ஒருவர், தன் பழைய இசிஜிகள் அனைத்தையும் ஒரு கோப்பில் போட்டு ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும். எக்டோபிக் பதிவான 12 லீடு தாளின் நகல் அதில் கட்டாயம் இருக்கட்டும். வெறும் ‘நார்மல்’ அறிக்கைகளைவிட அந்த ஒரு தாள் பயன் மிக்கது. வெப்பத்தாளில் அச்சான இசிஜி சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், ஆகவே கைபேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். ஓடும்போதோ படியேறும்போதோ மயங்கி விழுவது, படபடப்போடு கண் இருட்டுவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.